தடம் எண் இஷ்ரத்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் பேருந்துகளில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் நகர முடியாதவர்கள் காசை முன்னால் நிற்பவரிடம் கொடுப்பார்கள். அவர் தனக்கு முன்னால் நிற்பவரிடம் கொடுப்பார். காசு இப்படிக் கைமாறி நடத்துநரிடம் போய்ச் சேரும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். நடுவில் யாரும் எடுத்துக்கொண்டதில்லை, முடியாது என்று சொன்னதும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடச் சண்டையை நிறுத்தாமலேயே அடுத்தவர் காசை வாங்கி முன்னால் நீட்டுவார்கள்.

பயண ஒருங்கிணைப்பு ஆணையம் வந்ததும் நடத்துநர்கள் போய்விட்டார்கள். பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ, ஷேர் ஆட்டோ எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை என்று ஆனது. பேருந்தின் முன்வாசல் அருகே ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அதன் மீது அட்டையை வைத்தால் பச்சை விளக்கு எரியும். ஒரு பெண் குரல் "இனிய பயணம்" என்று சொல்லும். கருவி ஒன்றுதான் இருந்தது, கூட்டமோ பின்வாசல்வரை இருந்தது. ஆகவே காசு போன வழியில் அட்டைகள் போகத் தொடங்கின.

கருவிக்குப் பக்கத்து இருக்கையில் தினமும் உட்கார்ந்தவள் இஷ்ரத். காசிமேட்டில் வலையும் கயிறும் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் பில் போடுகிறவள். தேரடி நிறுத்தத்தில் பேருந்து காலியாக வரும் என்பதால் அந்த இடம் அவளுக்குக் கிடைத்துவிடும். பிறகு ராயபுரம்வரை அவளுக்கு ஓய்வில்லை.

"யக்கா, இத்த கொஞ்சம் வையேன்."

"இந்தாம்மா, ரெண்டு கார்டு கீது. மஞ்ச கவரு போட்டது என்னுது, மாத்திக் குட்த்துடாத."

அவள் வாங்கி வைத்தாள், திருப்பிக் கொடுத்தாள். இதை ஒரு வேலையாக அவள் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு அட்டைக்கும் "இனிய பயணம்" என்று அந்தக் குரல் சொல்வது தனக்கே சொல்வதுபோல இருந்தது. வாழ்க்கையில் வேறு யாரும் அவளுக்கு அத்தனை முறை நல்லது சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. "வாழ்த்துகள் இஷ்ரத்! இன்று முதல் நீங்கள் எங்கள் போக்குவரத்து வலைப்பின்னலில் இணைக்கப்பட்டுள்ளீர்கள்."

கணவன் ஒவைஸிடம் காட்டினாள். அவன் டோல்கேட்டிலிருந்து பீச் ஸ்டேஷன்வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆணையத்தில் சேரும்படி மூன்று முறை அழைப்பு வந்தும் சேராதவன்.

"அழிச்சுடு. அதுல கைய வெச்சின்னா அக்கவுண்ட்ல கீறத வழிச்சினு பூடுவான்" என்றான்.

அவள் அழித்தாள். மகள் ஜீனத்தைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தேரடிக்குப் போனாள். பேருந்தில் ஏறி அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அதே பெண் குரல், இனிமை சற்றும் குறையாமல், "வாகனத்துக்குள் வாகனம் ஏற அனுமதி இல்லை. தயவுசெய்து இறங்கவும்" என்றது.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "எவன்யா அது, சைக்கிள உள்ள ஏத்தினது?"

யாரிடமும் சைக்கிள் இல்லை. ஓட்டுநர் தன் முன்னால் இருந்த திரையைப் படித்தார். பிறகு இஷ்ரத்தைப் பார்த்தார்.

"உன் பேரு இஷ்ரத்தாம்மா?"

"ஆமாண்ணா."

"உன்ன வண்டின்னு காட்டுது."

"நான் எப்படிண்ணா வண்டி?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இன்ஜின லாக் பண்ணி வெச்சுகிறான். நீ எறங்கினாத்தான் இது நவுரும்."

அவள் பின்னால் பார்த்தாள். நேற்று அவள் கை வழியாக அட்டை வைத்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், "எறங்கேம்மா, டூட்டிக்கு நேரமாவுது" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவள் இறங்கும்போது வழியில் நின்றவர்கள் தங்கள் பைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக பெயின்ட் அடித்த கதவைக் கடக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். 

ஆணையத்தின் அலுவலகம் ராயபுரத்தில் இருந்தது. நேரில் போய்ச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து நடக்க ஆரம்பித்தாள்.

காலடிப்பேட்டை நிறுத்தத்தில் வழக்கம்போலக் கூட்டம் இருந்தது. ஒருங்கிணைப்புக்குப் பிறகு பேருந்துகள் குறைந்து, அவை எங்கே வருகின்றன என்பதைக் காட்டும் செயலி மட்டும் நன்றாக வேலை செய்தது. ஆகவே மக்கள் சாலையைப் பார்ப்பதை விட்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இஷ்ரத் நெருங்கியபோது எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன. எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ராமசெல்வி முன்னால் வந்தாள். "நீதான் இஷ்ரத்தா?"

"ஆமாம்."

"ஏறிட்டன்னு கார்டுல துட்டு எட்துகிச்சு. வா, போலாம்."

"எங்க?"

ராமசெல்வி பின்னால் திரும்பி, "எங்கன்னு கேக்குதுய்யா!" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லியாகத் அலி கைத்தடியோடு எழுந்து வந்தார். "காத்தாலருந்து நின்னுகினு கீறோம்மா. நீயாவது வந்தியே, அதுவே பெருசு."

"பாய், நான் வண்டி இல்ல பாய். ஏதோ தப்பு நடந்துபோச்சு."

"இருக்கட்டும்மா. ராயபுரம் போவியா, மாட்டியா?"

"ராயபுரம்தான் போறேன். ஆனா..."

"அப்ப நட. ஆனா கீனாலாம் அப்பால பேசிக்கலாம்."

அவள் நடந்தாள். அவர்களும் பின்னால் நடந்தார்கள். யாரும் சொல்லாமலேயே பெண்கள் முன்னாலும் ஆண்கள் பின்னாலும் பிரிந்துகொண்டார்கள். ஒரு கல்லூரி மாணவன் அவளுடைய தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தபடியே வந்தான். "தொங்காதடா, உயிர் போயிடும்" என்று ஒரு பெரியவர் அதட்டினார். மாணவன் விடவில்லை. காற்றில் தலைமுடி பறப்பதுபோல் ஒரு கையால் கோதிக்கொண்டான்.

டோல்கேட்டில் இன்னும் பலர் சேர்ந்தார்கள். சாலையின் ஓரத்தில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டியவரை நின்றன. அவற்றுக்கும் கடைகளுக்கும் நடுவே இருந்த சந்தில் அவள் முன்னால் போக, கூட்டம் பின்னால் நெருக்கிக்கொண்டு வந்தது. அவள் வேகமாக நடந்தால் காலடிச் சத்தமும் வேகமானது.

"மெதுவா போம்மா, உள்ள பெரியவங்கலாம் கீறாங்க" என்று யாரோ கத்தினார்கள்.

உள்ளே என்று சொன்னார்கள். எதற்குள் என்று அவள் யோசித்தாள். கழுத்தின் பின்புறத்தில் பலருடைய மூச்சு பட்டது. ஒரு பெட்டிக்கடையில் தண்ணீர் குடிக்க நின்றதும் கைப்பேசி அதிர்ந்தது. "வாகனம் நகரவில்லை. காரணம் தெரிவிக்கவும்." பாட்டிலை மூடாமலேயே கிளம்பினாள். தண்ணீர் சிந்தி உடை நனைந்தது. "ஒழுவுது பாரு, வாங்கி ஒரு நாள் ஆவல" என்றது பின்னால் ஒரு குரல்.

காசிமேட்டைத் தாண்டும்போது கடை முதலாளி ஆன்றோ அழைத்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே வியாபாரம் செய்கிறவர். நல்ல மனிதர்.

"இஷ்ரத்தே, இன்னைக்கு வேலைக்கு வரலையா?"

"சார், என்னை வண்டின்னு சொல்றாங்க சார். பயமா இருக்கு."

"செயலியில பாத்தேன். நம்ம கடை வழியாத்தான் போறேன்னு காட்டுது. அதான் கேக்கேன், ரெண்டு நைலான் கயித்துக் கட்டு கெடக்கு. ராயபுரத்துல எறக்கிருதியா?"

ஒரு கட்டு அவளுடைய இடது தோளிலும் இன்னொன்று வலது தோளிலும் ஏற்றப்பட்டன. "பயணிகள் வண்டியில சரக்கு ஏத்துறியே, கேக்க ஆளில்லையா" என்று கூட்டத்தில் இருவர் ஆட்சேபித்தார்கள். அவர்களிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

ஆணையத்தின் கட்டடத்தில் பெரிய பதாகை தொங்கியது. "பேருந்துக்காகக் காத்திருக்காதீர்கள். நீங்களே பயணம்!" வாசலில் இருந்த காவலாளி அவளுடைய அட்டையைத் தன் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படிக்குப் போகவிடாமல் கையை நீட்டினார்.

"பார்க்கிங் பின்னாடி."

கட்டடத்தின் பின்னால் வெள்ளைக் கோடுகள் போட்ட இடம் இருந்தது. ஒரு ஜீப்புக்கும் ஒரு காருக்கும் நடுவே அவளை நிற்கச் சொன்னார்கள். கோட்டைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். பயணிகள் டீ குடிக்கப் போனார்கள். "பத்து நிமிஷம் நிப்பா. வுட்டுட்டுப் போயிடாத" என்று ராமசெல்வி சொல்லிவிட்டுப் போனாள். வெயிலில் ஜீப்பின் பானெட் கொதித்தது. ஓடினால் என்ன என்று இஷ்ரத் நினைத்தாள். ஓடினாலும் எல்லோருடைய கையிலும் தான் ஒரு நீலப் புள்ளியாக ஓடிக்கொண்டிருப்போம் என்பது நினைவுக்கு வந்தது. அங்கேயே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் இணை இயக்குநர் ஜெகதீசன் இறங்கி வந்தார். கூடவே ஆலோசகர் ரேகா, மடிக்கணினியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தாள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் ஜெகதீசன். அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. அதனால்தான் அவளுக்குப் பயம் அதிகமானது. "பல வருஷமா எல்லாரும் எங்களை ஒரே கேள்வி கேட்டாங்க. ஷேர் ஆட்டோ வந்தாச்சு, வாடகை சைக்கிள் வந்தாச்சு, பைக் டாக்ஸி வந்தாச்சு. இதுக்கெல்லாம் ஏத்த மாதிரி பொதுப் போக்குவரத்து எப்படி மாறணும்? உலகம் முழுக்கப் போய்ப் பாத்தோம். நானே ஆறு நாடு போனேன். பஸ்லதான் போனேன்னு சொல்ல முடியாது. கடைசியில கண்டுபிடிச்சோம். பொதுப் போக்குவரத்துல இருக்கிற ஒரே பிரச்சினை பஸ்."

ரேகா தலையசைத்தாள்.

"பஸ்ஸுக்கு டயர் தேயும். டிரைவர் லீவு கேப்பார். மழை பெஞ்சா ஒழுகும், மக்கள் அதைப் போட்டோ வேற எடுப்பாங்க. இத்தனையையும் ஒருங்கிணைக்கிறதுக்கு பதிலா, ஒருங்கிணைப்பை மட்டும் வெச்சுக்கிட்டா என்ன? அட்டை இருக்கு. செயலி இருக்கு. கட்டணம் இருக்கு. பயணிகளும் இருக்காங்க. எல்லாம் இருக்கும்போது நடுவுல பஸ் எதுக்கு?"

"வாகனம் சாராத நகர்வு" என்றாள் ரேகா, ரகசியம்போல. பிறகு இஷ்ரத்தின் தோளைத் தொட்டாள். ஷோரூமில் வைத்த காரைத் தொடுகிறவர்களின் விரல்கள் அப்படி இருக்கும். "வாகனத்தை நாமதான் உண்டாக்கணும்னு எல்லாரும் நெனச்சாங்க, அது தானாவே தோன்றும்னு எங்க அறிக்கையில எழுதியிருந்தேன். யாரும் நம்பலை. நீங்க தோன்றிட்டீங்க."

"நான் கார்டு மட்டும்தான் மேடம் வெச்சேன்" என்றாள் இஷ்ரத். "அவங்கதான் குட்த்தாங்க. எல்லாரும் குடுப்பாங்க. எல்லாரும் வாங்கி வைப்பாங்க."

"அதேதாம்மா" என்றார் ஜெகதீசன். "வாகனம்னா என்ன? பல பேரோட பயணத்தை ஏத்துக்கிட்டுக் கொண்டுபோறது எதுவோ அது. கருவி என்ன பாத்தது? ஒரு பஸ் நிறைய ஆளுங்க தினமும் ஒரே ஒரு கை வழியா ஏறுறாங்க. அப்ப பஸ்ஸுக்குத்தான் அந்தக் கை தேவை. அந்தக் கைக்கு பஸ் தேவையா? கருவி யோசிச்சிருக்கு. நமக்குத்தான் இவ்வளவு நாள் தோணலை."

"எனக்குச் சக்கரமே இல்லியே சார்."

"சட்டத்துல சக்கரங்கிற வார்த்தையை எடுத்தாச்சு. வெச்சா படகுக்காரங்க வருத்தப்படுவாங்க."

"இனிமே யார் கார்டும் வாங்க மாட்டேன் சார்."

ஜெகதீசனின் முகம் வாடியது. "சேவையை முன்னறிவிப்பு இல்லாம நிறுத்துறது குற்றம்மா. உங்களை அந்த நெலமையில பாக்க எனக்குப் பிடிக்கலை."

"அப்ப ஒரு மனு எழுதித் தரேன்."

"மனு மனுஷங்க குடுக்கிறது. வாகனம்னா உரிமையாளர்தான் குடுக்கணும். உங்க குடும்ப அட்டையில தலைவர் யாரு?"

"எங்க வூட்டுக்காரரு. ஒவைஸ்."

"அப்ப அவர்தான் ஓனர்" என்றாள் ரேகா, மடிக்கணினியில் ஒரு தட்டுத் தட்டி. "நல்லவேளை, குடும்ப அட்டையையும் இணைச்சிட்டோம்."

உரிமையாளருக்குச் செய்தி போனதும் ஒவைஸ் ஆட்டோவை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தான். இரண்டு வண்டிகளுக்கு நடுவே, தோள்களில் கயிற்றுக் கட்டோடு நின்ற மனைவியைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. கோட்டுக்குள் வந்து அவள் கையைப் பிடித்தான். காவலாளி விசிலடித்தார்.

"சார், இன்னா சார் இது கலீஜ் வேல? எம் பொண்டாட்டிய எறக்கி வுடு சார். பதிலுக்கு ஆட்டோவ எழுதித் தரேன். மூணு தபா கூப்ட்டீங்கல்ல? இப்ப வரேன். எடுத்துக்கோ."

அந்த ஆட்டோவுக்கு இன்னும் தவணை முடியவில்லை. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் நாளை அவன் என்ன செய்வான் என்று இஷ்ரத்துக்குத் தெரியவில்லை. ஒவைஸுக்கும் தெரியவில்லை.

ஜெகதீசன் ஒரு அடி பின்வாங்கினார். "அதுக்குச் சக்கரம் இருக்கே?"

"மூணு கீது சார்."

"அதான் பாருங்க. சக்கரம் இருந்தா டயர் இருக்கும். இன்ஷூரன்ஸ் இருக்கும். டீசல் விலை ஏறினா நீங்க எங்ககிட்ட வந்து நிப்பீங்க. இவங்க காலையில டிபன் சாப்பிட்டா சாயங்காலம்வரை ஓடுறாங்க. ஒரு பொறுப்புள்ள அதிகாரியா, பொதுமக்கள் பணத்தைக் கையாள்றவனா, நான் எப்படி அதை எடுத்துக்கிட்டு இதை விட முடியும்? நீங்களே சொல்லுங்க."

 ஓட்டுநராக ஒவைஸுக்கு அந்தக் கணக்குப் புரிந்துவிட்டதுதான் அவனை மிகவும் பயமுறுத்தியது.

பிறகு தகுதிச் சோதனை நடந்தது. ஆய்வாளர் ராசையா வாழ்நாள் முழுவதும் லாரிகளைச் சோதித்தவர். ஆச்சரியப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்டவர். இஷ்ரத்தை முன்னால் நடக்கச் சொன்னார், "நில்" என்றார். பின்னால் நடக்கச் சொன்னார். கண்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண் கொஞ்சம் மங்கல் என்று முனகினார். காலணியைக் கழற்றச் சொல்லி அடியைத் தடவிப் பார்த்து, தேய்மானம் அதிகம் என்றார். கடைசியாகப் புகை சோதிக்கும் குழாயை வாயருகே நீட்டி ஊதச் சொன்னார். முள் சிவப்புக்குப் போய் நின்றது.

இஷ்ரத் முள்ளையே பார்த்தாள். தகுதியில்லை என்று சொல்லிவிடுவார் என்று நம்பினாள்.

"சொந்த ஊரு?" என்றார் ராசையா.

"அத்திப்பட்டு சார்."

"அதான, அனல்மின் நிலையத்து ஊரு" என்று முள்ளைத் தட்டிவிட்டார். "இந்தப் பக்கத்து வண்டி எல்லாத்துக்கும் சாம்பல் இருக்கத்தான் செய்யும். பாஸ்."

ஜெகதீசன் கைகுலுக்கினார். தடம் ராயபுரத்திலிருந்து தேரடிவரை. இருட்டும்வரை போகவும் வரவும் ஓட வேண்டும். இருட்டியதும் பணிமனைக்குப் போய் நிற்க வேண்டும்.

"வூட்டுக்கு எப்ப சார் போறது?"

"வண்டி வீட்டுக்குப் போகுமாம்மா?"

"எனக்குப் பொண்ணு கீது சார். ரெண்டாவது படிக்குது. ஸ்கூல் வுட்டா நான்தான் சார் கூட்டிகினு போவேன். ராவுல நான் பக்கத்துல இல்லன்னா அது தூங்காது."

ஜெகதீசனின் கண்கள் கலங்கின. "எந்த ஸ்கூல்?"

"காலடிப்பேட்டை."

"அது உங்க தடத்துலயே வருதேம்மா!" என்று மகிழ்ந்தார். "தினமும் ஒரு தடவை இல்லை, பல தடவை அந்த வாசலைத் தாண்டுவீங்க. பாத்துக்கிட்டே போகலாம். தடையற்ற பயணம்னு நாங்க சொல்றது இதைத்தான்."

மதிய வெயிலில் அவள் திரும்பி நடந்தாள். கயிற்றுக் கட்டுகளை இறக்கியாகிவிட்டது, ஆனால் தோள் இன்னும் அழுத்தியது. பின்னால் காலையில் வந்ததைவிடக் கூட்டம் அதிகம். அரை நாள் டூட்டி முடிந்த ராமசெல்வி அதே இடத்தில், முதல் வரிசையில் வந்தாள். லியாகத் அலியும் இருந்தார். அவருக்கு ராயபுரத்தில் ஒரு வேலையும் இருக்கவில்லையாம், போய்வரத்தான் வந்தாராம். பழகிவிட்டதால் அவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பஸ்ஸ விட இது தேவலாம்பா, எகிறிப் போடல."

"இன்னா சோக்கா சொல்ற! உக்கார சீட்டு கீதா?"

"பஸ்ல மட்டும் உனுக்கு சீட்டு போட்டு வெச்சிருந்தானாக்கும்!"

அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவள் தடுமாறியபோது ராமசெல்வி முழங்கையைப் பிடித்துத் தாங்கினாள். தாங்கிவிட்டு, "பாத்து போம்மா, பின்னாடி ஜனம் கீது" என்றாள். இவர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றும்படி யாரிடம் கேட்பது என்று இஷ்ரத்துக்குத் தெரியவில்லை. கேட்டால் வருகிறவரும் ஏறிக்கொள்வார்.

ஒவைஸ் ஆட்டோவை அவளுக்குப் பக்கத்தில் நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தான். ஏற்றிக்கொள்ள முடியாது. ஏற்றினால் சேவையை நிறுத்திய குற்றம் ஆகிவிடும், அபராதம் வேறு.

"இஷ்ரு" என்றான் மெதுவாக, முன்னால் பார்த்தபடியே. "நான் சொல்றத கேளு. பிரேக்டவுன் ஆயிடு."

"இன்னா?"

"வண்டி பிரேக்டவுன் ஆயி ஓரங்கட்டுச்சுன்னு வெய்யி, எவனும் ஒண்ணியும் கேக்க முடியாது. எந்த ஆபீஸரா இருந்தாலும் சரி. ஸ்கூலாண்ட போய் அப்டியே குந்திக்க. எழுந்துக்கவே எழுந்துக்காத. பாப்பா வந்ததும் வூட்டுக்குப் பூடலாம்."

அவள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். டோல்கேட் வந்தது, போனது. பள்ளிச் சுவரின் நீல நிறம் தெரிந்ததும் நடையைக் குறைத்தாள். வாசலுக்கு எதிரே, மணல் கொட்டியிருந்த ஓரத்தில், அவள் உட்கார்ந்தாள்.

கூட்டம் நின்றது. கைப்பேசி அதிர்ந்தது. "வாகனம் நகரவில்லை. காரணம்?" கீழே சில விடைகள் இருந்தன. அவள் "பழுது" என்பதை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. வெகுநேரம் சுற்றியது.

"பழுது ஏற்கப்பட்டது. இந்த வாகனம் சேவையிலிருந்து விலக்கப்படுகிறது."

அவள் இரண்டு முறை படித்தாள். ஆட்டோவிலிருந்து ஒவைஸ் எட்டிப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் காலையிலிருந்து முதன்முதலாகச் சிரித்தான். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "இன்னா பேஜாரா கீது, பாதி வழியில" என்றார்கள். சிலர் அவள் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். யாரும் திட்டவில்லை. பழுதான வண்டியைத் திட்டி என்ன பயன் என்று எல்லோருக்கும் தெரியும்.

பள்ளி மணி அடித்தது. ஜீனத் பையைச் சுமந்துகொண்டு ஓடி வந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "இன்னாமா, மண்ணுல வெளாட்றியா?" என்று கேட்டுக்கொண்டே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இஷ்ரத் மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வியர்வையும் பென்சில் தூளும் கலந்த அந்த வாசனையைத் தவிர வேறு எதுவும் இனி வேண்டாம் என்று இருந்தது.

அப்போது எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன.

லியாகத் அலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் மாற்று வாகனம் தயார். அதே உரிமையாளர். பெயர், ஜீனத். கொள்ளளவு குறைவு. நெரிசலைத் தவிர்க்கவும்."

மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டார்கள். ராமசெல்வி குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்வையில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"உன் பேரு ஜீனத்தா பாப்பா?"

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "ஆமா ஆன்ட்டி" என்றாள் ஜீனத்.

பெண்கள் முன்னால் வந்தார்கள். ஆண்கள் பின்னால் நகர்ந்தார்கள். குழந்தையைச் சுற்றிச் சத்தமில்லாமல் ஒரு வரிசை உண்டானது. மாணவனின் கை நீண்டு, புத்தகப்பையின் வாரைத் தேடியது. "பாப்பாவாண்ட இடிக்காதீங்கபா, ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்று யாரோ அக்கறையாகச் சொன்னார்கள். ஜீனத் அம்மாவின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

இஷ்ரத் எழுந்து நின்றாள். மகளைத் தூக்கி, ஆட்டோவின் முன் இருக்கையில் ஒவைஸின் மடியோடு அழுத்தி வைத்தாள். "எடு" என்றாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எடுன்னு சொல்றேன்ல!"

கூட்டத்தின் தலைகள் இன்னும் ஆட்டோவின் பக்கம்தான் திரும்பியிருந்தன. ராமசெல்வி கைப்பேசியையும் இஷ்ரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "உனுக்கு ரிப்பேருன்னு போட்டுகீதே? சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு" என்றாள் இஷ்ரத்.

பிறகு சாலையின் நடுவுக்குப் போய் நின்று, வாழ்நாளில் அதுவரை எழுப்பியிராத குரலில், எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்பும்வரை கூவினாள். "தேரடி, தேரடி, தேரடி! ஏறு, ஏறு! இடம் நெறைய கீது, ஏறிக்கோ!"